ஒரு பானை, இரண்டு வயிறு

பெரியவளுக்கு வீட்டில் ஒரு பெயர், பேக்கரியில் ஒரு பெயர். வீட்டில் பெரியவள். பேக்கரியில் மின்னல். பட்டம் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. பின்கட்டு நீள மேசையில் ரஸ்க் மலையாகக் கொட்டிக் கிடக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கவரை மற்ற பெண்கள் ஊதி, உதறி, தேய்த்துப் பிரிப்பதற்குள், இவள் கட்டைவிரலை நாக்கில் ஒரு தொடு தொட்டு, கவரை வாய் பிளக்க வைத்து, ரஸ்கை அடுக்கி, ஒட்டி, அட்டைப்பெட்டிக்குள் தள்ளியிருப்பாள். முதலாளி வெளியாட்களைக் கூட்டிவந்து காட்டுவார். "மெஷின் எதுக்குங்க? நம்ம மின்னல் இருக்கையில!" என்பார். அவள் தலையைத் தூக்கமாட்டாள். காது மட்டும் முழுசாக அங்கேதான் இருக்கும்.

எதிலும் முந்தாவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. பஸ்ஸில் ஏறுவதில் முந்துவாள், குழாயடியில் முந்துவாள், யாராவது கதை சொன்னால் முடிவை இவள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அப்படி ஒரு பிறவி.

அவளுக்கு ஒரு தங்கை. மூன்று வயது இளையவள், சின்னவள். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, அடுத்த தெருத் தையற்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைக்கும் வேலை பார்த்தாள். சாப்பாடு கீழே, அக்கா மாமாவோடு. அதிர்ந்து பேசமாட்டாள். எங்கேயாவது மூன்று பேராகப் போனால் ஓரத்து நாற்காலியைத் தானாகவே எடுத்துக்கொள்வாள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் சரிசமமாகக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் வயிறு. அந்த மனுஷர் வேறு சொத்துபத்து எதையும் விட்டுப் போகவில்லை. வயிற்றை மட்டும் குறைவில்லாமல் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். உப்பிக்கொள்ளும், முறுக்கிப் பிடிக்கும், நின்றால் நிற்க விடாமல் ஓடு ஓடு என்று விரட்டும். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்ப்பதற்கு முன்னால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். நாலு பேர் நடுவில் இதை வாய்விட்டா சொல்ல முடியும்? அதற்கென்று சிறு வயதிலேயே ஒரு வார்த்தை கண்டுபிடித்திருந்தார்கள். தந்தி. "அக்கா, தந்தி வந்திருக்கு" என்றால் புரிந்துகொள்ள வேண்டும். "அவசரத் தந்தி" என்றால் குறுக்கே நிற்பது யாரானாலும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடலாம். பெரியவளின் வீட்டுக்காரருக்கு அது என்ன தந்தி, யார் அனுப்புகிறார்கள் என்று இன்றுவரை தெரியாது.

பார்க்காத வைத்தியமில்லை. கடைசியில் ஒரு புது டாக்டரம்மா வந்து, ரத்தம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, அக்கா தங்கை இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டு பேர் குடலுக்கும் கோதுமை ஆகாது. அப்பாவுக்கும் இதேதான் இருந்திருக்கும். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் இனிமே கண்ணால பாக்கக்கூடாது. ஒரு தூள் உள்ள போனாலும் குடல் புண்ணாயிடும். குடல் ஆறுற வரைக்கும் பாலும் வேணாம், காரமும் வேணாம்."

வியாதிக்குப் பெயர் கிடைத்ததே வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. பாலையும் அல்லவா அந்த அம்மாள் நிறுத்திவிட்டார்!

"நீங்க பேக்கரியில வேலைன்னு எழுதியிருக்கே," என்று டாக்டர் பெரியவளைப் பார்த்தார். "அங்க எதையாவது எடுத்து வாயில போடுவீங்களா?"

"சத்தியமா இல்லங்க டாக்டர். மாவு பிசையற பக்கமே நான் போறதில்ல. இத்தனை வருஷத்துல ஒரு தூள் எடுத்து வாயில போட்டிருந்தா என்னை ஏன்னு கேளுங்க."

அதில் பொய் கிடையாது. உடைந்த ரஸ்க் துண்டை மற்றவர்கள் நைசாக வாயில் ஒதுக்கிக்கொள்ளும்போதும் இவள் தொட்டதில்லை. அந்தக் கௌரவம் அவளுக்கு உண்டு.

ஆக, பத்தியம் தொடங்கியது. ஒரே பானையில் குழைந்த சாதம், ஒரே சட்டியில் வேகவைத்த பூசணியும் கேரட்டும், உப்பு மட்டும் போட்ட மீன், எப்போதாவது ஒரு முட்டை. மாமாவுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். அவர் ரொட்டியைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் கையை நீட்டினால் பெரியவள் கரண்டியாலேயே ஒரு போடு போடுவாள். அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த உப்புச் சப்பில்லாததை மென்று, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "சிறைச்சாலையில கூட ஊறுகா தருவாங்கடி," என்பாள் பெரியவள். சின்னவளுக்குப் புரையேறும். எத்தனையோ வருஷங்களில் அவர்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அப்போதுதான்.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. சின்னவளுக்குச் சரியாகிவிட்டது.

வெட்கமே இல்லாமல் சரியானது என்று சொல்ல வேண்டும். முதலில் உப்புசம் போனது. பிறகு வலி போனது. கன்னம் பூரித்தது, கழுத்தெலும்பு மறைந்தது, காலையில் மாடிப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இறங்கினாள். பெரியவளுக்கோ எல்லாம் இருந்தபடி இருந்தது. அதே பானை, அதே கரண்டி, அதே பூசணி. அங்கே போய் மருந்தாகிறது, இங்கே வந்து விஷமாகிறதா? இது என்ன நியாயம்?

ஒருநாள் இருவரும் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார்கள். பெரியவளுக்கு அடிவயிறு கலங்கியது. தங்கையின் முழங்கையைப் பிடித்து, "சின்னவளே, தந்தி வந்திருக்குடி," என்றாள்.

"யாருகிட்டேர்ந்துக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

கேட்ட மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள், மன்னிப்புக் கேட்டாள், வரிசையைப் பார்த்துக்கொண்டாள், எல்லாம் செய்தாள். ஆனால் பெரியவளுக்கு அந்த ஒரு கேள்வி போதும். மறந்துவிட்டாள், பாவி! அந்த வார்த்தையையே மறந்துபோகிற அளவுக்குச் சொகுசு வந்துவிட்டது அவளுக்கு. வீட்டுக்கு ஓடுகிற வழியெல்லாம் பெரியவளுக்கு வலியைவிட அதுதான் பொறுக்கவில்லை.

வயிற்றெரிச்சல் என்று சும்மாவா சொல்கிறார்கள்? அதன்பின் அவளுக்கு எரிந்ததில் எது வியாதி, எது பொறாமை என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் ஆகாது. தங்கையின் தட்டையும் தன் தட்டையும் மாற்றி வைத்துப் பார்த்தாள். மாடிக்குப் போய் அவள் அலமாரியில் ரகசிய மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. சரி, பத்தியத்திலாவது அவளை முந்துவோம் என்று கேரட்டை நிறுத்தினாள், முட்டையை நிறுத்தினாள், மீனை நிறுத்தினாள், வெறும் கஞ்சித் தண்ணீரில் வந்து நின்றாள். வயிறு அசையவில்லை. உடம்புதான் துரும்பாக இளைத்தது.

அவள் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், வாய்தான் இடம் பொருள் தெரியாத வாய். சாப்பிட்டுக்கொண்டே, "சின்னவ மூஞ்சியப் பாத்தியா? பளபளன்னு ஆயிடுச்சு. இனிமே மாப்பிள்ளை பாத்துடலாம் போலிருக்கே," என்று சிரித்தார். பெரியவளின் காதில் புகை வராத குறை. அன்று மாலை அடுப்படியில் தனியாக நின்றபோது, அவர் ரொட்டிக்கு வைத்திருந்த கோதுமை மாவு டப்பா கண்ணில் பட்டது. ஒரு சிட்டிகை. ஒரே ஒரு சிட்டிகை போட்டால் மாடியில் அந்தப் பாட்டு நின்றுவிடும். டப்பாவைத் திறக்கவும் திறந்தாள். பிறகு மூடி வைத்தாள். நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். பானை அவளுக்கும் சேர்த்துத்தானே!

இதற்கு நடுவில் இன்னொன்று. பத்தியச் சாப்பாடு சூடாக இருக்க வேண்டும் என்று சின்னவள்தான் மத்தியான வேளையில் பேக்கரிக்கு டப்பா கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒருநாளோடு அதை நிறுத்திவிட்டாள். "கடையில வேலை ஜாஸ்திக்கா. காலையிலயே கட்டிக் கொடுத்துடறேன்," என்றாள், முகத்தைப் பார்க்காமல். பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. வயிறு நன்றானதும் அக்கா வேண்டாதவளாகிவிட்டாள். நோயாளியோடு நடமாடினால் கௌரவக் குறைச்சல். போகட்டும், நன்றாக இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனபோது அவர் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வயித்தெரிச்சல் எப்படியிருக்கு?"

"நிறைய இருக்குங்க," என்றாள் பெரியவள் மனப்பூர்வமாக.

"உங்க தங்கச்சிக்கு இவ்வளவு நல்லாக் கேட்டிருக்கு. உங்களுக்கு ஏன் கேக்கலைன்னுதான் புரியல. இன்னும் எடை இறங்குச்சுன்னா பெட்ல சேத்துத்தான் பாக்கணும். குடல் தாங்காது."

உங்க தங்கச்சிக்கு! அந்த அம்மாளும் சொல்லிவிட்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். செத்துப்போவோமோ என்று பயமாக இருந்தது. அப்பா கடைசியில் எப்படிக் கிடந்தார் என்று அவளுக்குத்தான் தெரியும். அந்தப் பயத்துக்குள்ளேயும் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது: தான் போன பிறகும் சின்னவள் கொழுகொழுவென்று இருப்பாள்.

அடுத்த வாரம் பேக்கரியில் அட்டைப்பெட்டி அறுக்கும் பிளேடு வழுக்கி, வலது கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. தையல் போட்டு, பஞ்சு வைத்து, விரலையே ஒரு சின்னத் தலையணையாகக் கட்டிவிட்டார்கள். வீட்டில் கிடந்தால் மேசையில் தன் இடத்தை வேறொருத்தி பிடித்துக்கொள்வாள் என்று அவள் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். ஈர ஸ்பாஞ்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது கையால் தடவித் தடவிக் கவர் பிரித்தாள். பெண்களுக்கெல்லாம் கொண்டாட்டம். "என்னக்கா, மின்னலை மேகம் மூடிடுச்சா?" என்று கேலி செய்தார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. அந்த ஆத்திரத்தில், இரண்டு மூன்று நாளாக வேலைக்கு நடுவில் தான் எழுந்து ஓடவே இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. கவனித்தபோதும் நம்பவில்லை. கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. கட்டு இருந்தவரைக்கும் வயிறு ஒரு நல்ல பிள்ளையாகக் கிடந்தது.

கட்டுப் பிரித்த அன்று மேசைக்கு வந்து நின்றாள். ரஸ்க் கொட்டியிருந்தது. கவர்க் கட்டு இருந்தது. இன்றைக்குக் காட்டுகிறேன் பாருங்கள் என்று நாலு கவர் நிரப்பினாள். ஐந்தாவது கவருக்குக் கட்டைவிரல் தானாக வாய்க்குப் போனது. தையல் போட்ட இடம் சுரீர் என்றது. வலிக்கிறதே என்று விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

விரல் நுனியெல்லாம் ரஸ்க் தூள்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். எடுத்து வாயில் போட்டதில்லை என்று சத்தியம் செய்தாளே, போடவில்லைதான். நக்கியிருக்கிறாள். காலையிலிருந்து மாலைவரை, கவருக்குக் கவர், நாள் தவறாமல் நக்கித் தின்றிருக்கிறாள். பட்டம் வாங்கிக் கொடுத்த அதே கட்டைவிரல்!

வாயைக் கொப்பளித்துவிட்டு, முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். சந்தோஷத்தில் பொறாமைகூட மறந்துபோயிற்று. செத்துவிடமாட்டாள். சரியாகிவிடும். முதலில் சின்னவளிடம் சொல்ல வேண்டும். அன்று தையற்கடை விடுமுறை. சின்னவள் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவளே! கண்டுபிடிச்சுட்டேன்டி! எனக்கு ஏன் கேக்கலைன்னு கண்டுபிடிச்சுட்டேன்!"

சின்னவளின் ஊசி நின்றது. என்ன என்று அவள் கேட்கவில்லை. அவள் பார்வை நேராக அக்காவின் கட்டைவிரலுக்குப் போனது.

பெரியவள் விரலை மடக்கிக்கொண்டாள். "உனக்குத் தெரியுமா?"

சின்னவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள்.

"எப்பலேர்ந்துடி தெரியும்?"

"டப்பா கொண்டுவந்தேன்ல, அப்ப பாத்தேன்." என்றாள் சின்னவள். "சொல்லத்தான்க்கா உள்ள வந்தேன். அதுக்குள்ள உங்க முதலாளி வந்து, உங்கக்கா கையில பாதி வேகம் உனக்கு இருந்தாக்கூட உன்னையும் சேத்துக்குவேனேம்மா, ஆமை நகர்ற மாதிரி காஜா எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கியேன்னு சிரிச்சாரு. நீயும் சிரிச்சே. டப்பாவை வெச்சுட்டு வந்துட்டேன்."

"அதுக்காக? நான் செத்துப் போயிருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

"பெட்ல சேக்கணும்னு சொன்னதும் சொல்லிடணும்னுதான் இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." சின்னவள் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டாள். "பொறாமைக்கா. பொறந்ததுலேர்ந்து உன்மேல பொறாமை எனக்கு. இந்த ஒண்ணுல மட்டும்தான் நான் உனக்கு முன்னாடி போனேன். இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கறேனேன்னு தோணிடுச்சு. என்னை அடிச்சுக் கொன்னுடு."

பெரியவள் கையை ஓங்கத்தான் ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பாதகத்தி, தன்னைக் குழிக்குள் தள்ளப் பார்த்திருக்கிறாள், விடக்கூடாது என்றுதான் புத்தி சொன்னது. ஆனால் நெஞ்சுக்குள் அந்த ஒரு வார்த்தை இனிப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. வெட்கக்கேடுதான், என்ன செய்வது, இறங்கிக்கொண்டிருந்தது.

கையைக் கீழே போட்டாள். கட்டிலில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொறாமையா? என்மேலயா?"

சின்னவள் சட்டைக்குள்ளிருந்தே தலையை ஆட்டினாள்.

"எதெதுக்கு?"

"என்னக்கா?"

"எதெதுக்கெல்லாம் பொறாமைப்பட்டேன்னு கேக்கறேன்."

சின்னவள் முகத்தை எடுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவைப் பார்த்தாள். "உன் தலைமுடி," என்றாள் தயங்கித் தயங்கி. "மாமா உன்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எனக்குக் காய்ச்சல்னு படுத்திருந்தேனே, அது காய்ச்சலே இல்ல."

பெரியவள் கால்களை மடக்கிக் கட்டிலில் சம்மணமிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"ம்," என்றாள். "அப்புறம்?"