இடப்பக்கம் சுழன்ற பூ

அளவுக்கு மீறி "அக்கா, அக்கா" என்று கூப்பிடுகிற எவரையும் நான் நம்புவதில்லை. ஒக்லாந்தில், எல்லர்ஸ்லியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது, அங்கே ஏற்கெனவே இருந்த தமிழ்நாட்டுக்காரன் முதல் நாளே அப்படித்தான் கூப்பிட்டான். முப்பது வயதிருக்கும். நான் கணினியில் படம் வரைந்து ஃப்ளொப்பியில் போட்டுக் கொடுப்பேன். அவன் அதைத் தன் கணினியில் திறந்து, ஸ்டிக்கர் தாளை வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புவான். ஆக, என் கையை விட்டுப் போவதெல்லாம் அவன் கைக்குத்தான் போகும். சந்தேகப்பட எனக்கு இது போதாதா?

எனக்கு மூன்று மாத ட்ரையல். அது முடிந்து வேலை நிரந்தரமானால்தான் என் தம்பியை இங்கே கூப்பிட முடியும். தம்பி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தான். சுற்றிவளைப்பு வந்தால் தமிழ் இளைஞர்களைப் பொலிஸ் அள்ளிக்கொண்டு போகும். விடுவதும் விடாததும் அவர்கள் இஷ்டம். வீட்டில் நேரம் கெட்ட நேரத்தில் போன் அடித்தால் தம்பியைத்தான் பிடித்துவிட்டார்கள் என்று ஓடிப்போய் எடுப்பேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேனா, இதையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தமிழ்நாட்டுக்காரனிடமே கொட்டியும் வைத்திருந்தேன்.

ட்ரையலின் கடைசி மாதத்தில் வெஸ்ட்கேட்டில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு பூக்கடைக்குப் பலகை கேட்டார்கள். நடுவில் எட்டு இதழ்ப் பூ ஒன்று வரவேண்டும். அது எனக்குப் பிடித்த வேலை. ஓர் இதழை வரைந்து, சுழலும் மையத்தை இழுத்து இதழின் அடிமுனையில் வைத்து, கோணப் பெட்டியில் 45 என்று எழுதிப் பிரதி எடுத்தால் அடுத்த இதழ் தானாக வந்து விழும். அப்படியே சுற்றிக்கொண்டு போனால் கடைசி இதழ் முதல் இதழிடம் கனகச்சிதமாக வந்து சேரும். ஒவ்வொரு இதழும் முந்தியதன் மேல் கொஞ்சம் ஏறி உட்கார, பூ இடப்பக்கமாக விரிவதுபோல் இருந்தது. எனக்கே என்மேல் ஒரு பெருமை வந்தது.

வெட்டி எடுத்துப் பார்த்தால் கடைசி இதழுக்கும் முதல் இதழுக்கும் இடையில் ஒரு விரல் போகிற இடைவெளி! வெள்ளைக்கார முதலாளி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். நான் கோப்பைப் புதிதாகச் செய்து, ஒவ்வொரு கோணத்தையும் சரிபார்த்துக் கொடுத்தேன். அடுத்ததும் அப்படியே வந்தது. அந்த இடைவெளியைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. இந்த முறை முதலாளி வாயைத் திறந்தார். நேராகச் சுழற்றத் தெரியாதவரை வைத்து என்ன செய்வது என்று கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், அவன்தான் என் கோப்பில் கைவைக்கிறான் என்று என் கணவரிடம் சொன்னேன். "உனக்கு ஆரைப் பாத்தாலும் சந்தேகம்" என்றார் இவர். "சந்தேகப்பட்டபடியாத்தான் உயிரோட இஞ்ச வந்து நிக்கிறம், பேசாமல் இருங்கோ" என்றேன். எனக்கு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. "அக்கா, உங்க ட்ரையல் எப்ப முடியுது?" என்று அவன் போன வாரம் கேட்டான். ஏன் கேட்டான்? அவனுடைய மச்சான் ஒருவன் கணினி வரைகலை படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறானாம். அதை என்னிடம் ஏன் சொன்னான்? என் கதிரை காலியாவதற்குக் காத்திருக்கிறார்கள், வேறென்ன!

மறுநாள் அந்தப் பூவை இரண்டு ஃப்ளொப்பியில் போட்டேன். ஒன்றை அவனிடம் கொடுத்தேன், மற்றதை என் கைப்பைக்குள் வைத்தேன். மத்தியானம் பக்கத்து டெய்ரிக் கடைக்குப் பால் வாங்கப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு முன்வாசலால் இறங்கி, கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசலால் ஏறி வந்தேன்.

நான் நினைத்தது சரி. அவன் என் பூவைத் திறந்து வைத்திருந்தான். இதழ்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மவுஸால் இழுத்து, கண்மதிப்பாகத் திருப்பிக்கொண்டிருந்தான். கோணத்தை எழுதிச் சுழற்ற அவனுக்குத் தெரியாது. கையால் இழுத்தால் ஒன்று 44 ஆகும், ஒன்று 43 ஆகும். அந்தக் குறையெல்லாம் சேர்ந்துதான் கடைசியில் விரல் இடைவெளி ஆகிறது.

"என்ன செய்யிறீர்?" என்றேன். கதிரையிலிருந்து துள்ளி எழும்பினான். "என்ரை வேலையைத் துலைச்சுப்போட்டு மச்சானை இருத்தப் பாக்கிறீரோ? இந்த வேலை போனால் என்ரை தம்பி அங்கயே கிடந்து சாகவேண்டியதுதான், தெரியுமோ உமக்கு?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க அக்கா!" என்று இரண்டு கையையும் நீட்டித் தடுத்தான். "உங்க தம்பிக்காகத்தான் பண்ணேன்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?"

"பாக்க அச்சு அசல் தாமரை மாதிரி இருக்கு. அது இடம்புரியா சுத்துது. எங்க ஊர்ல சாவுக்குத்தான் அக்கா இடமா சுத்துவாங்க. தம்பி அங்க அந்த நிலைமையில இருக்காரு, நீங்க இங்க உக்காந்து உங்க கையால... உங்ககிட்ட போய் எப்படி வாயெடுத்துச் சொல்றது? அதான் சத்தமில்லாம வலமா மாத்தி அடுக்கிடலாம்னு பாத்தேன். இந்த வாட்டி இடைவெளி இல்லாம வந்துரும்னு நெனச்சேன்."

"முதலாளி என்னை ஏசேக்க வாய்க்குள்ள என்ன வச்சிருந்தனீர்?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சாமிக்குப் பயந்ததுபோலவே முதலாளிக்கும் பயந்திருக்கிறான். என் தம்பி நல்லாயிருக்கவேண்டும் என்று நினைத்த அதே மனிதன்தான் நான் திட்டு வாங்கியபோது மெஷினைத் துடைத்துக்கொண்டு நின்றான். இவனை நம்புவதா விடுவதா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

என் சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். நான் கைப்பையிலிருந்த ஃப்ளொப்பியைப் போட்டு, என் பூவையும் அவன் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினேன். கோணப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு இதழாகத் தொட்டேன். என்னுடையதில் எல்லாம் சரியாக 45, 90, 135 என்று போனது. தமிழ்நாட்டுக்காரன் தானாகவே முன்னால் வந்து, "நான்தான் மாற்றினேன்" என்றான். ஏன் என்று கேட்டதற்கு அவனால் இங்கிலீஷில் விளக்க முடியவில்லை. பூவுக்கு இடமேது வலமேது என்று முதலாளி தலையைச் சொறிந்தார். பிறகு என் தோளைத் தட்டி, என்னை ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டார். திங்கட்கிழமையே வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் தருவதாகச் சொல்லி, திரையில் இருந்த என் பூவைக் காட்டி, "இதையே வெட்டுங்கள், இதில்தான் ஒரு குறையும் இல்லையே" என்றார்.

குறை இல்லைதான். ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. எனக்கு அந்தச் சடங்குக் கணக்குகளில் நம்பிக்கையும் இல்லை. ஆனால் அவன் சாவு என்ற அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டானே! அவன் சொன்னதற்கு முதல் நானே ஆத்திரத்தில் என் வாயால் சொல்லியும் விட்டேனே! என் விரல் பொத்தானுக்குப் போகவில்லை.

"அரை மணித்தியாலம் தாருங்கள்" என்று முதலாளியிடம் கேட்டேன். ஒற்றை இதழை மட்டும் விட்டு மற்ற ஏழையும் அழித்தேன். வலப்பக்கம் சுழலவேண்டும் என்றால் கோணத்துக்கு முன்னால் கழித்தல் குறி போடவேண்டும். போட்டு, ஒவ்வொரு இதழாகத் திரும்ப வைத்தேன். தம்பி ஒக்லாந்தில் வந்து இறங்கும்வரைக்கும் அந்தப் பட்டறையில் எதையும் இடப்பக்கமாகச் சுழற்ற எனக்குத் துணிவு வரவில்லை.