ஏது மொக்கையன்

பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்கள் ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்தார்கள். ஒருத்தர் பட்டு லுங்கி கொண்டுவந்தார். ஒருத்தர் அரக்குப் பூசிய வெற்றிலைப் பெட்டி. இன்னொருத்தர் வழியில் புலியை உதைத்த கதை. எம்.ரெட்டியபட்டி மொக்கையன் கொண்டுவந்தது ஒரே ஒரு சொல். சுமந்து வந்தவனுக்குத் தோள் வலிக்கவில்லை, கேட்டவர்களுக்குத்தான் தலை வலித்தது.

சொல் இதுதான்: “ஏது?”

பதினாலு வயசில் ரங்கூன் போய் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவன் அவன். மில்லுக்குப் பின்னால் ஒரு புத்த மடம். அங்கே தமிழ் பேசுகிற பிக்கு ஒருவர் இருந்தார். மடத்துப் புளியமரத்து நிழலில் தூங்கலாமென்று போனால், நிழலுக்கு வாடகையாக அவர் சொல்வதையெல்லாம் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது. கேட்கக் கேட்க மொக்கையனுக்குத் தூக்கம் போய்விட்டது.

காஞ்சிப் பக்கத்திலிருந்து வடக்கே போன திக்நாகர் என்ற பெரிய பிக்கு அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டாராம். அறிவு உள்ளே வருவதற்கு வாசல் இரண்டுதான். ஒன்று நேரே காண்பது. மற்றது, கண்டதை வைத்துக் காணாததைக் கணிப்பது. கணிப்பதற்குக் கையில் ஒரு காரணம் வேண்டும், அதற்குப் பேர் ஏது. ‘அவர் சொன்னார், இவர் சொன்னார்’ என்பதற்குத் தனி வாசல் கிடையாது. அதையும் ஏது கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

ஏதுவுக்கும் மூன்று சோதனை உண்டு. மலையில் புகை தெரிகிறது, ஆகையால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில், புகை அந்த மலையில்தான் இருக்க வேண்டும், பக்கத்து மலைப் புகை செல்லாது. அடுத்தது, அடுப்படி மாதிரி நெருப்பு உள்ள இடத்தில் புகையைக் கண்டிருக்க வேண்டும். கடைசியாக, நெருப்பே இருக்க முடியாத கண்மாய்த் தண்ணீரில் புகை ஒருநாளும் இருக்கக் கூடாது. இதில் எது தவறினாலும் ஏது சொத்தை. (பிக்கு ஏரி என்றுதான் சொன்னார். கண்மாய் வெட்டியது மொக்கையன்.)

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து சனம் ஊரைப் பார்த்து நடந்தபோது, மில்லில் கூட வேலை பார்த்த சிலுவைமுத்து காய்ச்சலில் விழுந்தான்.

“முடிஞ்சுபோச்சு, கெளம்புங்க” என்றார்கள் முன்னால் போனவர்கள்.

“ஏது?” என்றான் மொக்கையன்.

வாய்க்கு வாய் மாறி வந்த செய்தி. மொக்கையன் குனிந்து பார்த்தான். வயிறு லேசாக ஏறி இறங்கியது. அது போதும் அவனுக்கு. மூன்று நாள் முதுகில் சுமந்தான்.

“எனக்கு ஞானஸ்நானம் ரெண்டு தடவ” என்று சிலுவைமுத்து இன்றைக்கும் சொல்வான். “ஒண்ணு கோயில்ல, ஒண்ணு இந்தப் பய வேர்வையில.”

பர்மா ரோட்டில் உயிர் காத்த சொல், எம்.ரெட்டியபட்டியில் உதை வாங்கிக் கொடுக்கப் பார்த்தது. நம்ம ஊரில் ஏது என்றால் விவகாரமே வேறு. கக்கத்தில் கோழியோடு போகிறவனைப் பார்த்துப் போலீஸ்காரர் கேட்கிற கேள்வி அது. “அம்மா கனவுல வந்து கெடா கேட்டா” என்றார் பூசாரி இருளப்பசாமி. மொக்கையன் பணிவாகத்தான் “ஏது?” என்றான். “ஏலே, அது எங்க ஆட்டுக்குப் பெறந்த கெடாடா!” என்று பூசாரி வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். அன்றையிலிருந்து ஏது மொக்கையன் என்ற பேர் நிலைத்துவிட்டது. பேர் போன வேகத்தில் இரண்டு இடத்துப் பெண்ணும் தட்டிப்போயிற்று. அவனுக்கு அப்போது வயசு இருபத்தேழு.

மூன்றாவது இடம் காரியாபட்டி வீரபத்திரன் வீடு. கிளம்பும்போது அக்கா சந்தனம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

“அங்க போயி அந்தச் சொல்ல எடுத்தே, நாக்குல சூடு போட்ருவேன்.”

“எடுக்கலக்கா.”

“எடுத்தா இந்தச் சம்பந்தமும் போயிரும்டா.”

“ஏ...”

“பாத்தியா! பாத்தியா!”

யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஓர் உருளை அடுப்பு, அதில் கரியைப் போட்டு ஓட்டினார்கள். அந்த அடுப்புக்குக் கரி போடும் உத்தியோகம் சிலுவைமுத்துவுக்கு. அவனும் முகம் கழுவிக்கொண்டு மாப்பிள்ளைத் தோழனாக வந்தான். காதுக்குப் பின்னால் கழுவ மறந்துவிட்டான்.

வீரபத்திரன் மகள் முத்துலட்சுமி பணியாரத் தட்டோடு வந்தாள். பெண்பார்க்கும் நேரத்தில் பெண் தரையைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். இவள் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து, மாடு பிடிக்க வந்தவர் பல்லைப் பார்க்கிற மாதிரி மொக்கையனை நேருக்கு நேர் பார்த்தாள். மொக்கையன் பணியாரத்தை மென்று தின்ன மறந்து அப்படியே விழுங்கினான். இவள்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

வீரபத்திரன் வானத்தைப் பார்த்தார். “ரெண்டு நாள்ல மழ கொட்டும் மாப்ளே.”

மொக்கையன் பல்லைக் கடித்தான். ஆனாலும் நாக்கு முந்திக்கொண்டது. “ஏது?”

“ஏதுவா? மேகத்துலருந்துதான்” என்று வீரபத்திரன் சிரித்தார். தப்பித்தது. சந்தனம்மாளுக்கு மட்டும் வியர்த்தது.

“அந்தா கட்டியிருக்கு பாருங்க, புதுப் பசு. நாலு படி கறக்கும்.”

“ஏது?”

“எது?”

“பசுதான் மாமா. ஏது?”

வீரபத்திரன் முகம் மாறியது. “என்ன ஏது? சந்தையில பத்துப் பேரு பாக்கப் புடிச்சுட்டு வந்த மாடுய்யா! என் வீட்டுப் பணியாரத்தத் தின்னுக்கிட்டே என்னயத் திருடன்ங்கிறியா? எந்திரி!”

மொக்கையன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். சந்தனம்மாள் அந்த வாயைப் பொத்தி, கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனாள். தட்டில் இன்னும் ஆறு பணியாரம் இருந்ததால் சிலுவைமுத்து மட்டும் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு எட்டு நாள் எம்.ரெட்டியபட்டியில் ‘ஏது’ கேட்கவில்லை. வானம் இடிந்து விழப்போகிறது என்றால்கூட “சரி” என்றான் மொக்கையன். குழம்பில் உப்பில்லை என்று தெரிந்தே சந்தனம்மாள் “நல்லாருக்காடா?” என்றாள். “நல்லாருக்குக்கா” என்றான். அவள் பூசாரியிடம் ஓடினாள். பூசாரியே வந்து, “அம்மா நேத்தும் கனவுல வந்தாடா” என்று ஆசையாகச் சொல்லிப் பார்த்தார். “வரட்டும்” என்றுவிட்டு மண்வெட்டியோடு பருத்திக் காட்டுக்குப் போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் காட்டுக்கே ஓடி வந்தான் சிலுவைமுத்து. கரி படிந்த முகத்தில் பல் மட்டும் தெரிந்தது.

“ஏலே மொக்க! முடிஞ்சுச்சுலே!”

“தெரியும். அன்னைக்கே முடிஞ்சுச்சு.”

“அட கேளுலே. அன்னைக்கிப் பணியாரம் தின்னுக்கிட்டே பொண்ணோட அய்யா கிட்ட எல்லாத்தயும் சொன்னேன். ஏதுன்னா காரணம், அதுக்கு மூணு சோதன, பர்மா ரோட்டுல நான் பொணமாக் கெடந்தது, நீ குனிஞ்சு பாத்தது. அவரு கேக்கல. கதவுக்குப் பின்னால அந்தப் புள்ள கேட்டுருச்சு. இன்னைக்கிக் காலையில பஸ்ஸுக்குத் தண்ணி எடுக்க அவுக வீட்டுக்குப் போனேன். அய்யாவும் மகளும் மல்லுக்கு நிக்கிறாக.”

“என்னன்னு?”

“‘அவன் என்னயத் திருடன்னு சொன்னான்’ங்கிறாரு அவரு. ‘அதுக்கு ஏது என்ன அய்யா?’ங்குது அது. ‘ஏதுன்னு கேட்டானே, அதான்!’ங்கிறாரு. அது விடல. ‘சரி, சோதிப்போம். கேட்டாரா? கேட்டாரு. திருடனப் புடிக்கிற போலீஸும் அப்பிடிக் கேப்பாகளா? கேப்பாக. ரெண்டும் சரி. மூணாவது, திருட முடியாத சாமானுக்கு அப்பிடிக் கேக்கக் கூடாதுல்ல? நீங்க மழ வரும்னீகளே, அப்பயும் ஏதுன்னுதான கேட்டாரு? மழய எந்தக் கண்மாயிலருந்து திருடிட்டு வந்தீக அய்யா?’”

மண்வெட்டி மொக்கையன் கையிலிருந்து நழுவியது.

“அவருக்கு அப்பத்தேன் வெளங்குச்சு. பெறகு பாரு, சிரிப்பு! கட்டுத்தறியில பசு மெரண்டு போச்சு. ‘ஏத்தா, இத்தன நியாயம் பேசுற ஒன்னய வேற எவன் கட்டுவான்? அவன்தேன் லாயக்கு. பூட்றா வண்டிய’ன்னாரு. பின்னாலயே வாராக.”

மொக்கையன் முகம் மலர்ந்தது. உடனே கருத்தது. “நீ சொல்றதக் கேட்டு நான் எப்பிடி நம்புறது? கேட்டது சாட்சியாகாதேலே.”

“அடப் பாவி! என் கண்ணால பாத்தேன்!”

“ஒனக்குக் கண்டது. எனக்குக் கேட்டதுதான.”

“ஒன்னயச் சொமந்துக்கிட்டு நான் வந்திருக்கணும்லே. மலையிலயே உருட்டி விட்டுருப்பேன்!”

ஆனால் எட்டு நாளைக்குப் பிறகு மொக்கையன் மறுபடி வம்பு பேசுகிறான் என்பது புரிந்ததும் சிலுவைமுத்து வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். கண்ணிலும் ஏதோ கரித்தூள்.

பாதையில் செம்புழுதி எழுந்தது. புழுதிக்குள் மாட்டு வண்டி. வண்டியில் வீரபத்திரன், மடியில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய். பின்னால் கயிற்றில் அந்தப் புதுப் பசு.

“மாப்ளே! பசுவ ஒங்க வீட்டுலயே கட்டிக் கறந்து பாத்துக்கங்க. நாலு படிக்குக் கொறஞ்சா எங்கிட்டக் கேளுங்க!”

“ஏ...” என்று ஆரம்பித்துவிட்டான் மொக்கையன். வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்த சந்தனம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். “ஏ... ஏன் மாமா வண்டியிலயே இருக்கீக? எறங்கி வாங்க!”

ஆவணியில் கல்யாணம். இருளப்பசாமிதான் பூசை செய்தார். கிடாயின் பிறப்பு வளர்ப்பை யாரும் கேட்காமலே விவரமாகச் சொன்னார். பசு இரண்டரைப் படிதான் கறந்தது, மொக்கையன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பந்தி முடிந்து ஆள் குறைந்த நேரத்தில் முத்துலட்சுமியிடம் மெல்லக் கேட்டான்.

“மூணு சோதனயும் எனக்காகப் படிச்சியே. என்னயப் புடிச்சதுக்கு என்ன ஏது?”

அவள் அன்றைக்குப் போலவே நிமிர்ந்து நேருக்கு நேர் பார்த்தாள்.

“கண்ணால கண்டதுக்கு ஏது எதுக்கு?”