யுவர்ஸ், யுவர்ன், இரண்டு வஞ்சிரம்

தொண்ணூறுகளின் கடைசியில், கூடுவாஞ்சேரியில், மருந்துக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். கீழே லாரி, மேலே தகரக் கூரை, நடுவில் என் தொண்டை. 'யுவர்ஸ்' என்று கத்துவேன். 'யுவர்ன்' என்று திரும்பி வரும்.

கத்தவைத்தவள் கோவளத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவன். அவள் மாமல்லபுரம் கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்குச் சிப்பி மாலை விற்றாள். இங்கிலீஷையும் அங்கேயே பொறுக்கியிருந்தாள். வருஷாவருஷம் குளிருக்குத் தப்பி வந்து தங்கும் ஒரு வெள்ளைக்காரம்மாவிடமிருந்து. அந்தம்மாவின் ஊரில் உன்னுடையது யுவர்ன், அவனுடையது ஹிஸ்ன், அவளுடையது ஹெர்ன். ஈரக்காலில் மணல் மாதிரி இவள் நாக்கில் அப்பிக்கொண்டது, உதறினாலும் போகவில்லை.

தப்பு என்றேன். "வெள்ளக்காரிக்கே இங்கிலீஷ் தெரியாதுன்றியா மிஸ்?" என்றாள். வகுப்பே சிரித்தது. வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினால், அந்த நாட்டுக் கிராமங்களில் அப்படிப் பேசுவது உண்டாம். எரிச்சல் இரட்டித்தது. தப்பென்றால் சிவப்பு மையால் அடித்துவிடலாம். யாரோ ஒருத்தியின் வீட்டுப் பேச்சை என்ன செய்வது? நீ வீட்டில் 'கீது' என்று சொல்கிற மாதிரிதான் அது, ஆபீஸில் சொல்லாதே என்றேன்.

"எங்க போனாலும் எனக்கு ஒரே வாயிதான் கீது மிஸ்."

ஆனால் அவளுக்கு வேலை வேண்டியிருந்தது. ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட். விருந்தினர்களின் துணியை வெளுக்க வாங்கி, தேய்த்ததும் அறை அறையாகத் திருப்பிக் கொடுக்கும் வேலை. நிழல். மாதச் சம்பளம். மாலையும் கையுமாக வெயிலில் நிற்பதும், போலீஸ் விரட்டினால் ஓடுவதும் அதோடு முடியும். அதனால் விடாமல் பிழிந்தேன். என் குடை, அவள் பை, எவனோ விட்டுப்போன செருப்பு, எல்லாவற்றையும் நீட்டி யாருடையது, யாருடையது என்று கேட்டேன். ஒருநாள் மழை தகரத்தை அறைந்துகொண்டிருந்தபோது அது வந்தது: யுவர்ஸ். சுத்தமாக, நுனியில் சீறலோடு.

கை குலுக்கு, கண்ணைப் பார்த்துப் பேசு, உட்காரச் சொன்னால் உட்கார். எல்லாம் சொன்னேன். வெறுங்கையோடு போ என்று மட்டும் சொல்லவில்லை. அதையுமா ஒருத்தி சொல்லித்தர வேண்டும்?

இன்டர்வியூ அன்று சாயங்காலம் அவளுக்கு முன்னால் வாடை படியேறி வந்தது. கையில் மஞ்சள் பை. வெளியே இரண்டு வால். முதன்முதலாக ஒருவரைப் பார்க்க அவர்கள் குப்பத்தில் யாரும் வெறுங்கையோடு போவதில்லையாம். விடிகாலையில் வலையில் விழுந்த வஞ்சிரம் இரண்டை ஐஸ் போட்டு எடுத்துப் போய், மேனேஜரின் கண்ணாடி மேஜைமேல் வைத்திருக்கிறாள். ஏ.சி. அறை. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இது என்ன என்று கேட்டிருக்கிறார்.

"யுவர்ஸ் சார்னு கரீட்டா சொன்னேன் மிஸ்."

லஞ்சமா என்று கேட்டு வெளியே அனுப்பிவிட்டார். வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இன்டர்வியூவுக்கு மீனோடு யாராவது போவார்களா என்று கேட்டேன்.

"நீ சொல்லிக்குடுத்த மாதிரி சொன்னேன், அதான் அவருக்குப் பட்டுனு புரிஞ்சிச்சி. பழையபடி யுவர்ன்னு சொல்லியிருந்தா இன்னா ஏதுன்னு முழிச்சிகினு இருந்திருப்பாரு. நான் அதுக்குள்ள உக்காந்திருப்பேன்."

சிரிக்கவில்லை அவள். நாளையிலிருந்து மறுபடி மாலைதான், இனி வகுப்பு எதற்கு என்றாள். பையை என் மேஜைமேல் வைத்தாள். ஐஸ் மாற்றியாகிவிட்டது, கெடவில்லை என்றாள். பிறகு, "யுவர்ன்." இறங்கிப் போய்விட்டாள்.

செங்கல்பட்டு ரயிலில், பெண்கள் பெட்டி நெரிசலில், பை என் காலடியில் சொட்டிக்கொண்டே வந்தது. பொத்தேரி தாண்டியதும் ஒரு அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பெட்டியையே சுற்றிப் பார்த்தார்.

"யாருதும்மா இந்தப் பை?"

அவர் விடுவதாக இல்லை, இன்னொரு முறை கேட்டார்.

"என்னுதுதான்" என்றேன், எரிந்து விழுந்து.