பொட்டிக்கு மேல் பொட்டி

எக்செல்லில் கணக்கும் போடலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், செங்கல்பட்டுக்கு அருகே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு பம்ப் கம்பெனியில், நான் அதில் படம்தான் வரைந்துகொண்டிருந்தேன். திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கும். அதில் கட்டம், வட்டம், அம்புக்குறி. கட்டத்தை இழுத்து, உள்ளே பெயரை அடித்து, மேலே இருப்பவரோடு ஒரு கோட்டால் இணைத்துவிட்டால், யார் யாருக்குக் கீழே என்று சொல்லும் ஆபீஸ் படம் தயார். கட்டத்தை எங்கள் ஆட்கள் கட்டம் என்று சொன்னதில்லை. பொட்டி.

பொட்டி போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் ஏக மரியாதை. ஸ்டோர்கீப்பர் டீ வாங்கிக்கொடுத்து, "அண்ணாத்த, என் பொட்டிய கொஞ்சம் அகலமா போடு. இனிஷியல் வெளிய தொங்குது" என்பார். என் சிநேகிதன், படாளத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஃபிட்டர், எதுவும் கேட்கமாட்டான். "எதுனா ஒரு மூலைல குந்த வை மச்சான், போதும்." நானும் அவனும் பராமரிப்புப் பிரிவு. அவனை என் பக்கத்திலேயே வைத்தேன்.

கம்பெனி கைமாறியது. புது நிர்வாகம் ஆபீஸ் படத்தைக் கேட்டு வாங்கியது. சில நாளில் அது மேனேஜர் வழியாக எனக்கே திரும்பி வந்தது, பிரிண்ட் எடுக்க. திறந்தேன். என் பொட்டியைக் காணோம்.

முதலில் கண்ட்ரோல் இசட் அழுத்தினேன். வேறு யாரோ செய்ததை என் கீபோர்டால் ரத்து செய்யலாம் என்று நம்பிய மேதை நான். பிறகு படத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன். வலது ஓரம்வரை போய்த் தேடினேன். ஆள் நடமாட்டமே இல்லாத வெள்ளைக் கட்டங்கள். வியர்வையில் மவுஸ் வழுக்கியது. மனசு அதற்குள் மாமல்லபுரம் போய், வெள்ளைக்காரர்கள் பின்னால் சங்கு மாலையோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் வாங்கவில்லை. கேளம்பாக்கத்து ஃபிளாட்டில் வாட்ச்மேன் வேலை கேட்டேன், உயரம் பத்தாது என்றார்கள். கற்பனையில்கூட எனக்கு வேலை கிடைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சிநேகிதன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், மூஞ்சி பேஜாரா கீது?"

"என் பொட்டியக் காணோம்டா. உன்னுதும்தான்."

"நல்லாத் தேடு. எங்க போய்டும்?" என்று கேரியரைத் திறக்கப் போய்விட்டான்.

எங்கள் பிரிவு இருந்த இடத்தில் 'ஒப்பந்தம்' என்று எழுதிய பெரிய சாம்பல் பொட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. வலது கிளிக் செய்து, 'சென்ட் டு பேக்' கொடுத்தேன். அது பின்னால் போனது. அடியில் நான், என் பக்கத்தில் அவன், பிரிவு மொத்தமும், வைத்தது வைத்தபடி. தனியாகச் சிரித்துக்கொண்டேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

"சார், எங்க பொட்டியெல்லாம் அடியில மாட்டிக்கினு இருந்திச்சு. மீட்டுட்டேன்."

மேனேஜர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"மாட்டிக்கலப்பா. உங்க பிரிவு முழுக்க அடுத்த மாசத்துலேர்ந்து வெளியாள் கான்ட்ராக்ட்டுக்குப் போகுது. உங்க பேரையெல்லாம் அழிக்கச் சொன்னாங்க. எனக்குக் கை வரல. அதான் மேல ஒண்ணப் போட்டு மூடினேன்."

தாளை என் பக்கம் தள்ளி, "பழையபடி வச்சிடு" என்றார்.

திரும்பி வந்து, 'பிரிங் டு ஃபிரண்ட்' கொடுத்தேன். சாம்பல் பொட்டி எங்கள்மேல் ஏறிப் படுத்தது. தேடும்போது நான் கவனிக்கவில்லை, ஓரத்தில் சிநேகிதனுடைய பெயரின் கடைசி எழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் இழுத்து மூடினேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கேட்டான்.

"பொட்டி கெட்ச்சுதா?"

"கெட்ச்சுது."

"என்னுது?"

"அதுவும் கீது. என் பக்கத்துலயேதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சிய அப்டி வச்சிகினு கீற?" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.