பூஞ்சை சுரண்டினால் துடுப்பு தருவார்களாம்

படகை மூடும் கான்வாஸில் பூஞ்சை எடுக்கிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: துணி பளிச்சென்று இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், ஒரே ஒரு கரும்புள்ளி தெரிந்தால் ஊரே கூடிவிடும். அடுத்தவர் அழுக்கைத் துடைத்துவிட்டுத் திட்டும் வாங்கியவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி அழ முடியும்.

வாளி என் பங்கு

தொண்ணூறுகளின் கடைசியில், தில்லியில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தபோது யமுனைக் கரையில் ஒரு படகுக் குழுவில் சேர்ந்தேன். துடுப்புப் போடத்தான். பையன்களுக்கு முதல் நாளே துடுப்பு. எனக்கு வாளியும் பிரஷ்ஷும். மழைக்காலத்தில் மூன்று கான்வாஸும் கறுப்பும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தன. மூன்றையும் சுத்தம் செய்தால் தீபாவளிக்கு முன்னால் நடக்கும் பந்தயத்தில் எனக்கு ஓர் இடம் என்றார் செயலர் பாட்டியாஜி. இது என்ன நியாயம் என்று அரை மணி நேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மகளைக் கூப்பிடுவது போல இந்தியில் சொன்னார்: "பேட்டி, துடுப்பை யார் வேணா போடலாம். பூஞ்சையைப் பத்திப் படிச்சவ நீ ஒருத்திதானே?"

படித்த திமிர்

முதல் கான்வாஸில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கொட்டினேன். புள்ளிகள் மாயம். கூடவே, தண்ணீர் இறங்காமலிருக்கத் தேய்த்திருந்த மெழுகும் மாயம். போன மழை ஒரு நாள் திரும்பி வந்து, அவ்வளவும் படகுக்குள் இறங்கியது. எங்கள் கேப்டன் கார்த்திக், கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பையன், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினான்: "அச்சா வித்யா, இனிமே படகுக்கு உள்ளேயே துடுப்புப் போடலாம்!"

ஜனக்புரி பஸ்

அதற்குப் பிறகுதான் முறையாகக் கற்றுக்கொண்டேன். வெயிலில் விரித்து, காய்ந்த பிரஷ்ஷால் பூஞ்சையை உதறணும். வினிகர் கலந்த தண்ணீரில் தேய்த்து அலசணும். சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து மெழுகு தேய்க்கணும். துணியில் நாற்றம் தங்கவில்லை, வினிகர் வாடை என்மேல்தான் அடித்தது. ஜனக்புரி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி. தில்லி ஓட்டல்களில் சோலே பட்டூரே, அதாவது கொண்டைக்கடலை மசாலாவும் பெரிய பூரியும் கேட்டால், கூடவே வெங்காயத்தை வினிகரில் ஊறப்போட்டுத் தருவார்கள், தெரியுமல்லவா? டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர் கேட்டார்: "மேடம்ஜி, வெங்காயம் வந்தாச்சு, சோலே பட்டூரே எந்த ஸ்டாப்புல ஏறும்?"

மடிப்பு சொன்ன சாட்சி

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் பாட்டியாஜி கிடங்கைத் திறந்தால், மூன்றாவது கான்வாஸில் மறுபடி புள்ளி. "உன் இடம் போச்சு" என்றார். விடுவேனா? துணியை வெளியே இழுத்து வந்து விரித்தேன். "பாருங்க சார், வெளிப்பக்கம் சுத்தம். மடிப்புக்குள்ள மட்டும் கோடு போட்ட மாதிரி பூஞ்சை. நான் காயவெச்சதை யாரோ நனைச்சு, ஈரத்தோட மடிச்சிருக்காங்க." கிடங்குப் பதிவேட்டில், போன வாரம் அதை எடுத்துத் திரும்ப வைத்தவர் கையெழுத்து கார்த்திக்குடையது. "மேட்ச் பார்க்கப் போகணும் சார், ஜல்தியில..." என்று இழுத்தான்.

பாட்டியாஜி அவன் துடுப்பை வாங்கி என்னிடம் கொடுத்தார். வாளி அவன் கைக்குப் போனது. கார்த்திக் வாளியோடு என்னிடம் வந்தான். "நீ அப்புறமா சிரிச்சுக்கோ. ஒரு வாளிக்கு எத்தனை மூடி வினிகர், அதை முதல்ல சொல்லு."

பந்தயத்தில் எங்கள் படகு கடைசியாகத்தான் வந்தது. ஆனால் தோற்பதற்குக்கூடப் படகில் ஓர் இடம் வேண்டியிருக்கிறது, அதற்கே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.