கரண்ட் வைத்த தண்ணீர்

பள்ளிப் படிப்போடு நின்ற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற தைரியம்தான்.

என் மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளும் தோழிகளும் செய்த மெஷின், தண்ணீருக்குள் குட்டி மின்னல் போலப் பொறி விட்டுக் கிருமியைக் கொல்லும். குடிக்கலாம் என்று கல்லூரியில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஜனங்கள் குடிப்பார்களா என்பதுதான் அவள் கவலை. பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் எங்கள் மோர்க்கடை ஓரமாக, அந்த மெஷினில் சுத்தம் செய்த ஒரு டிரம் தண்ணீரை வைத்தாள்.

கிரிவலம் வந்தவர்கள், "என்ன தண்ணிம்மா?" என்று கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தபடி, "கரண்ட் வெச்ச தண்ணிங்க" என்றேன். எடுத்த டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

"அம்மா, நீ பேசாம இரேன்" என்றாள் மகள். அவள் முகம் வாடிவிட்டது.

அப்போது நொண்டியபடி வந்த ஓர் அம்மாள் நின்றார். "ஆஸ்பத்திரியில முட்டிக்கு கரண்ட் வெப்பாங்களே, அதுவா?"

"இல்லீங்க, இது கிருமிக்கு வெச்சது. தண்ணியில இப்ப கரண்ட் கிடையாது" என்று நானே ஒரு டம்ளர் குடித்துக் காட்டினேன்.

அவர் பாதியைக் குடித்தார். மீதியை முட்டியில் தடவிக்கொண்டார். "கிருமியே போவுதாம், வலி போவாதா?"

பின்னால் வந்தவர்கள் வரிசை கட்டினார்கள். "முட்டிக்கு இல்லீங்க, குடிக்கத்தான்" என்று மகள் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டே ஊற்றினாள். கடைசியில் அவளுக்கே ஒரு டம்ளர் மிஞ்சவில்லை. மோர்தான் கொடுத்தேன்.

மறுநாள் அவள் காலை பஸ்ஸில் கல்லூரிக்குப் போனாள். நான் டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.