நாற்பத்தோராவது கேசட்

எங்கள் வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லை, முழுப் பாட்டுக்குத்தான் பஞ்சம். நைனா மைக் செட் வைத்திருந்தார். செஞ்சி பீரங்கிமேட்டில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க ஆம்ப்ளிஃபயர், ஒயர் சுருள், கூம்புக் குழாய்கள், சீரியல் பல்பு. பனமலையில் காதுகுத்து, அவலூர்பேட்டையில் கல்யாணம், மண்டகப்பட்டில் கூழ் ஊற்றுவது என்று எங்கே விசேஷம் நடந்தாலும் போய் மரத்தில் குழாய் கட்டுவார். சில நாள் என்னையும் கூட்டிப்போவார். ஆனால் அங்கே ஒரு பாட்டும் உருப்படியாக முடியாது. பாட்டு நன்றாக ஏறிவரும் நேரமாகப் பார்த்து யாராவது மைக்கைப் பிடுங்கி, சாப்பிடாதவர்கள் பந்திக்கு வரலாம் என்பார்கள். காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்வார்கள். அறிவிப்பு முடிந்ததும் நைனா அடுத்த பாட்டைப் போட்டுவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் நான்காம் வகுப்பு முடிந்து லீவு விட்டதும் ஒரு முடிவெடுத்தேன். வீட்டில் இருக்கும் எல்லா கேசட்டையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்பது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. சட்டமும் நானே போட்டேன். ஏ சைடு, பி சைடு இரண்டையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டும். பாட்டைத் தாண்டி முன்னால் ஓட்டக் கூடாது, எழுந்து போகக் கூடாது, பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கோடு கிழித்து, கேசட் எண், எத்தனை பாட்டு, கடைசிப் பாட்டு எப்படி, கேட்டவர்கள் யார் என்று நான்கு கட்டம் போட்டேன். பெரிய அதிகாரி மாதிரி நினைப்பு எனக்கு.

அதே வாரத்தில்தான் நைனாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வயிற்றில் புண் என்று அவரிடமும் என்னிடமும் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். ஆனால் தெரியாதது எனக்கு மட்டும்தான். முன்னறையில் குழாய்களை ஓரம் கட்டி அவருக்குக் கட்டில் போட்டார்கள். அம்மா காலையில் மல்லாட்டை மண்டிக்கு, அதாவது வேர்க்கடலை மண்டிக்கு, வேலைக்குப் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். பகல் முழுக்க நானும் நைனாவும் சின்ன டேப்பும்தான். வெளியே வெயில் கோட்டை மலைப் பாறைகளை வறுத்துக்கொண்டிருக்கும்.

என் சட்டத்துக்கு அவரைப் போல் அடங்கினவர் யாருமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வலி வந்தாலும் போர்வையைப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடியும் வரை வாய் திறக்க மாட்டார். ஒரு நாள் முருகன் பாட்டு கேசட் முடிந்ததும் சொன்னார்.

"இருவது வருசமா இத போடுறேன் பாப்பா. இதுல ஏழாவதா இப்டி ஒரு பாட்டு இருக்குதுன்னு இன்னிக்குதான் தெரியுது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டில் எல்லா வரியிலும் கேட்டவர்கள் கட்டத்தில் 'நான், நைனா' என்றே எழுதினேன்.

பாட்டைத் தவிர அந்தப் பகல்களில் இன்னொரு சத்தமும் உண்டு. இரண்டு மணி வாக்கில் தெருமுனையில் சைலன்சர் உடைந்த மொபெட் ஒன்று போகும். அது சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் சித்தப்பாவின் வண்டி. சித்தப்பா நைனாவின் ஒரே தம்பி. எங்கள் தெருவோர வேப்ப மரத்தைத் தாண்டி அடுத்த தெருவில் இருந்தார், ஆனால் மூன்று வருஷமாக எங்கள் வாசலை மிதித்ததில்லை. அதற்கு முன் அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் மைக் செட் நடத்தினார்கள். பனமலையில் ஒரு சாவு வீடு. வெளியூரிலிருந்து மகள் வர வேண்டும் என்று பாடையைத் தூக்காமல் வைத்திருந்தார்கள். நைனா டீ குடிக்கப் போயிருந்தார். அந்த நேரத்தில் குழாயில் திடீரென்று கல்யாண மேளம் முழங்கியது. ஓடி வந்த நைனா, செட் பக்கத்தில் நின்ற சித்தப்பாவை ஊர் முன்னால் கன்னத்தில் அறைந்துவிட்டார். நான் கேசட்டை மாற்றவில்லை, அதுவாக வந்தது என்று சித்தப்பா சொன்னதற்கு அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். கல்யாணமாகி இரண்டு மாதமாகியிருந்த மனிதர். அன்றைக்குப் போனவர்தான்.

நைனா படுத்ததும் உறவுக்காரர்கள் ஆப்பிளும் பிரெட்டுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா வரவில்லை. அடித்தவர் கூப்பிடட்டும் என்று டீக்கடையில் சொன்னாராம். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டுமா என்று அம்மா கெஞ்சினாள்.

"அவனுக்கா தெரியாது? கால் இருக்குது, வரட்டும்" என்றார் நைனா.

இப்படி இரண்டு பேரும் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மொபெட் சத்தம் கேட்டால் மட்டும் நைனாவின் கண் திறந்துவிடும்.

"யாரு போறது?"

"சித்தப்பா."

"நின்னானா?"

"இல்ல நைனா."

பேசக் கூடாது என்ற சட்டத்தை அவர் மீறியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். நான் முறைப்பேன். மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்.

மே மாதக் கடைசியில் நாற்பது கேசட் முடிந்தது. மிச்சம் ஒன்றுதான், அது சாவு வீட்டுக் கேசட். அது பெட்டியில் இருக்காது. மேலே கறுப்பு நூல் சுற்றி, சாக்குப் பையில் போட்டு, பின்பக்கத் தாழ்வாரத்தில் ஆணியில் மாட்டியிருக்கும். சாவு விழாத வீட்டில் அதைப் போடக் கூடாது. பழுது பார்க்கக் கூட யாரும் போட்டுப் பார்க்க மாட்டார்கள். அம்மா அந்தப் பையைத் தொட்டால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். ஆகவே நாற்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

"நாப்பத்தொண்ணுன்னு எழுதி வச்சிட்டு நாப்பதுல நிறுத்தினா இன்னா அர்த்தம்?" என்றார் நைனா.

"அம்மா தோல உரிச்சிடும்."

"அவ அஞ்சு மணிக்குத்தான வருவா. போயி எடுத்துனு வா." சிறிது நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "அதுல கடசியா இன்னா வருதுன்னு எனக்கே தெரியாது பாப்பா. பாடைய தூக்கினதும் நிறுத்திடுவோம். ஒருத்தரும் முழுசா கேட்டதில்ல."

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. ஒருவருமே முழுசாகக் கேட்காத கேசட். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து வந்தேன். டேப்பில் போடப் போனபோது வேண்டாம் என்றார். அது குழாய்க்கென்றே பாடினது, சின்னப் பெட்டியில் பாதிதான் கேட்கும் என்றார். கட்டிலில் படுத்தபடியே எந்த ஒயரை எதில் சொருகுவது என்று சொல்லிக்கொடுத்தார். குழாயை இழுத்து வாசலில் வைத்தேன்.

"தெருப்பக்கம் திருப்பு. இன்னும் கொஞ்சம். அந்த வேப்ப மரத்துக்கு நேரா வையி."

வேப்ப மரத்துக்கு நேராக வைத்தால் சத்தம் சுத்தமாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அப்போது சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

முதலில் சங்கு ஊதியது. பிறகு ஓர் ஆண் குரல், அடி வயிற்றிலிருந்து. இரண்டாவது பாட்டு தொடங்குவதற்குள் எதிர்வீட்டு அம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். நைனா வழக்கம் போலக் கண்ணை மூடி அசையாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும் அந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். நான் என்ன செய்வது? பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். பிள்ளைக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அவர் இன்னும் அழுதார். தெருவே கூடிவிட்டது. தையற்கடைக்காரர் எங்கிருந்துதான் அவ்வளவு சீக்கிரம் வாங்கினாரோ, ஒரு ரோஜா மாலையோடு வந்து நின்றார். நைனா கண்ணைத் திறந்து எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். தையற்கடைக்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அப்புறம் நைனா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காவது பாட்டில் சித்தப்பா வந்தார். செருப்பில்லை, சட்டையில்லை, வலது கையில் சோறு அப்படியே ஒட்டியிருந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, 'அண்ணா' என்று அலறிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் விழுந்து நைனாவின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். பேச்சுவார்த்தை அறுந்து போனவர்களும் சாவுக்கு மட்டும் வந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, கேசட் சத்தம் போதும்.

பாதம் அசைந்தது. சித்தப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வந்துட்டியாடா" என்றார் நைனா. "உக்காரு."

சித்தப்பா எழுந்து முதலில் செய்த காரியம் செட்டை நிறுத்தியதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஏ சைடு கூட முடியவில்லை. நான் கத்தினது யார் காதிலும் விழவில்லை.

"இன்னா காரியம்ணா இது? எதுனா ஆயிடுச்சின்னு நெனச்சி உசுரே பூடுச்சி எனக்கு."

"ஆனாத்தான வருவ" என்றார் நைனா.

அந்த நேரத்தில் அம்மா மண்டியிலிருந்து ஓடி வந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தலைமுடியெல்லாம் மல்லாட்டைத் தோல். நைனா பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், என்னைப் பிடித்து முதுகில் நான்கு வைத்தாள். அடிக்காதே, நான்தான் போடச் சொன்னேன் என்றார் நைனா. அம்மா அவரையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னை அடித்த கையாலேயே அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. எனக்கு முதுகுதான் எரிந்தது.

அதற்குப் பிறகு சித்தப்பா தினமும் வந்தார். மொபெட் இரண்டு மணிக்கு எங்கள் வாசலில் நின்றது. நைனாவைத் தூக்கி உட்கார வைப்பதும் குளிப்பாட்டுவதும் அவர்தான். பழைய கதையை இரண்டு பேருமே எடுக்கவில்லை. ஒரு முறை சவரம் பண்ணிவிடும்போது நைனா கையை நீட்டி சித்தப்பாவின் இடது கன்னத்தைத் தொட்டார். அறை வாங்கிய கன்னம் அதுதான். சித்தப்பா கத்தியை விலக்கிக்கொண்டு, நைனா கையை எடுத்த பிறகுதான் மிச்சத்தை மழித்தார். நான் மட்டும் என் கேசட்டை மறக்கவில்லை. மீதியைப் போடலாமா என்று தினமும் நச்சரித்தேன்.

"அப்புறம் கேக்கலாம் பாப்பா" என்பார் நைனா.

கடைசியில் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் அன்றைக்கு அதைப் போடச் சொன்னாரா, தம்பியை வரவழைக்கத்தான் சொன்னாரா, இரண்டுக்குமா? தம்பி வந்த பிறகு அது தேவையில்லை என்று விட்டாரா, தெரிந்துகொள்ளப் பயந்தாரா? இத்தனை வருஷம் கழித்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம், வகுப்பிலிருந்து என்னைக் கூட்டிப்போக ஆள் வந்தது. வீட்டுக்கு வந்தபோது வேப்ப மரத்தில் குழாய் ஏறியிருந்தது. சித்தப்பா தன் கையாலேயே கட்டியிருந்தார். அதே சங்கு, அதே குரல். நான் அழுதேன். நிறையவே அழுதேன். ஆனால் நான்காவது பாட்டு தாண்டியதும் போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து செட் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. அப்போது இல்லை.

பி சைடு பாதியில் பாடையைத் தூக்கினார்கள். ஆண் பிள்ளை இல்லாததால் சித்தப்பாதான் கொள்ளிச் சட்டி ஏந்தினார். போகிற வழியில் பழக்கத்தில் செட்டை நிறுத்தக் கை நீட்டியவர், நோட்டோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். பறைச் சத்தம் தெரு திரும்பி ஆற்றுப் பக்கம் போய்த் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். யாரோ பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். ஓடட்டும் என்றாள் அம்மா.

ஒப்பாரி முடிந்தது. டேப் கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது. பிறகு நாகஸ்வரமும் தவிலும் ஒன்றாகக் கிளம்பின. கெட்டி மேளம்.

ரெக்கார்டிங் கடைக்காரர் ஏதோ கல்யாண மேளத்தின் மேலேயே ஒப்பாரியைப் பதிந்து கொடுத்திருக்கிறார். ஒப்பாரி தீர்ந்த இடத்தில் பழைய மேளம் அழியாமல் மிச்சமிருந்திருக்கிறது. பனமலையில் பாடை தூக்கத் தாமதமான அன்று சித்தப்பா கேசட்டை மாற்றவில்லை, அது அதுவாகத்தான் வந்தது. வீட்டில் போட்டுப் பார்க்கக் கூடாத கேசட் என்பதால் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மேளம் முடியும் வரை கேட்டு, பென்சிலை நாக்கில் தொட்டு, நான்கு கட்டத்தையும் நிரப்பினேன்.

சாயங்காலம் சித்தப்பா மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகத் திரும்பினார். பறைச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. நேராக என்னிடம்தான் வந்தார்.

"முழுசா கேட்டியா?"

"ம்."

"கடசியில இன்னா வந்துச்சு?"

"கல்யாண மேளம்."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னால் நம்ப மாட்டார்போல என்று நோட்டையே நீட்டினேன். விரலை வைத்து அந்த வரியை ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். கேட்டவர்கள் யார் என்ற கடைசிக் கட்டத்தில் விரல் நின்றுவிட்டது.

"நைனா கேட்டாரா?" என்றார்.

இது என்ன கேள்வி என்றிருந்தது எனக்கு.

"எப்பவும் நாங்க ரெண்டு பேருந்தான சித்தப்பா கேப்போம்" என்றேன்.